ஃபான்கோனி அனீமியாவும் ஜி2-வில் நிற்கும் செல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ரத்தநோய் வெளிநோயாளர் பிரிவுகளின் வரிசையிலும் ஆய்வகக் கவுன்ட்டர்களிலும் பெற்றோர் கேட்பவை, மேற்படிப்பு மாணவர்கள் கேட்பவை எல்லாம் இங்கே கலந்து இருக்கின்றன. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. ஃபான்கோனி அனீமியான்னா ரத்தசோகைதானே? பேரீச்சம்பழம், மாதுளை, இரும்பு டானிக் கொடுத்தா ஏறிடாதா?

ஏறாது. இரும்பு குறைந்து வரும் சோகையில் தொழிற்சாலை நன்றாக இருக்கும், சரக்குதான் பற்றாது. இதில் தொழிற்சாலையே, அதாவது எலும்பு மஜ்ஜையே, மெல்ல மெல்லக் காலியாகிறது. சிவப்பணு மட்டுமல்ல, வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்) மூன்றும் குறையும். பல குழந்தைகளில் முதலில் இறங்குவது தட்டணுதான். அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டி வரும் குழந்தைக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும், அதன் மேல் டானிக் கொடுப்பது கல்லீரலுக்குக் கெடுதல். மாதுளை சாப்பிடட்டும், அது வெறும் பழம்.

1927-ல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி மூன்று சகோதரர்களிடம் இதைக் கண்டு எழுதினார். பெயர் அப்படி வந்தது. இது பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு. இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஏதாவது ஒன்று பழுதானாலும் இந்த நோய் வரும். பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களில் பழுது ஃபேன்க்-ஏ என்ற மரபணுவில் இருக்கிறது.

2. நெட்ல ஃபான்கோனின்னு தேடினா கிட்னி நோய்னு வருதே?

அது ஃபான்கோனி சின்ட்ரோம், வேறு நோய். விவரித்தவர் ஒரே மருத்துவர் என்பதால் பெயர் ஒன்றாக இருக்கிறது. இன்சூரன்ஸ் படிவத்தில் இந்தக் குழப்பத்தால் கோப்பு திரும்பி வரலாம், ‘அனீமியா’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ரிப்போர்ட்ல ஜி1, எஸ், ஜி2, எம்-னு போட்டிருக்கு. இதெல்லாம் என்ன?

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்குள் கடக்கும் நான்கு கட்டங்கள். ஜி1-ல் செல் வளர்கிறது. எஸ்-ல் தன் டிஎன்ஏ முழுவதையும் ஒரு பிரதி எடுக்கிறது. ஜி2-ல் எடுத்த பிரதி சரியா என்று சோதித்து, பழுதைச் சரிசெய்கிறது. எம்-ல் இரண்டாகப் பிரிகிறது. பிளஸ் ஒன் உயிரியல் புத்தகத்தில் வட்டமாகப் படம் போட்டிருப்பார்களே, அதேதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஜி1-ல் இருக்கும் செல்லைவிட ஜி2-ல் இருக்கும் செல்லில் டிஎன்ஏ சரியாக இரண்டு மடங்கு. பின்னால் வரும் சோதனை (10-ஆம் கேள்வி) இந்த ஒரே வித்தியாசத்தை வைத்துத்தான் நடக்கிறது.

4. அப்போ இந்த நோய் இருக்கறவங்க செல் ஏன் ஜி2-விலயே நிக்குது?

டிஎன்ஏ இரண்டு இழைகள் முறுக்கிய ஏணி. பிரதி எடுக்க வேண்டுமானால் பேண்ட் ஜிப்பைத் திறப்பதுபோல இரண்டு இழைகளையும் பிரித்தாக வேண்டும். சில வேதிப்பொருள்கள் இந்த இரண்டு இழைகளையும் குறுக்கே கட்டிப் போட்டுவிடும். ஜிப்பின் நடுவில் பசை ஒட்டியது மாதிரி. பிரதி எடுக்கும் இயந்திரம் அங்கே வந்து முட்டி நிற்கும்.

சாதாரண செல்லில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஃபேன்க்-எம் முட்டிய இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஃபேன்க்-ஏ, பி, சி, இ, எஃப், ஜி, எல் முதலிய புரதங்கள் ஒன்றுகூடுகின்றன. அவற்றில் ஃபேன்க்-எல், ஃபேன்க்-டி2, ஃபேன்க்-ஐ என்ற ஜோடியின் மேல் யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை முத்திரைபோல ஒட்டுகிறது. முத்திரை விழுந்த ஜோடி டிஎன்ஏ-வைப் பற்றிக்கொண்டதும் வெட்டும் நொதிகள் வந்து கட்டை அவிழ்க்கின்றன. அறுந்த இழையைப் பிஆர்சிஏ2, ராட்51 போன்றவை பக்கத்துப் பிரதியைப் பார்த்து ஒட்டுகின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றாலும் கட்டு சரியாக அவிழாது. பழுதோடு செல் எஸ் கட்டத்தை எப்படியோ கடந்து ஜி2-க்கு வருகிறது, அங்கே காவல் அதை நிறுத்திவிடுகிறது. ஏடிஆர், சிஎச்கே1 என்ற புரதங்கள்தான் காவலர்கள். பிரிவைத் தொடங்கிவைக்கும் சிடிகே1-ஐ இவை பூட்டி வைக்கும்.

5. அப்படின்னா செல் நிக்கறதுதானே நோய்? அந்தப் பூட்டைத் திறக்க மருந்து கொடுத்தா ஆச்சு.

இந்தத் தொகுப்பில் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. மருத்துவ மாணவர்களும் விதிவிலக்கில்லை. ஜி2-வில் நிற்பது கோளாறு அல்ல, கோளாறைக் கண்டு காவல் தன் வேலையைச் செய்வது. பழுது இருப்பது எஸ் கட்டத்து ரிப்பேர் வேலையில். நிற்கும் இடம் ஒன்று, பழுது வேறு இடம்.

காவலைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று ஆய்வகத்தில் பார்க்க முடியும். கஃபீனை அதிகச் செறிவில் கலந்தால் ஜி2 காவல் தளர்ந்துவிடும், அறுந்த குரோமோசோம்களோடு செல்கள் பிரியத் தொடங்கும். பல அங்கேயே சாகும், தப்பிப் பிழைத்தவை தாறுமாறான குரோமோசோம்களோடு வளரும். (உடனே ஃபில்டர் காபியை நிறுத்த வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். காபி குடித்து ரத்தத்தில் ஏறும் அளவு அந்தச் செறிவைவிடப் பல மடங்கு குறைவு.)

6. இழைகளைக் கட்டிப் போடறதுக்கு மைட்டோமைசின் மாதிரி மருந்து லேப்ல போடறாங்க. உடம்புக்குள்ள அதெல்லாம் கிடையாதே, கட்டு எங்கேருந்து வருது?

உடம்பே தயாரிக்கிறது. செல்லின் அன்றாட வேலைகளில் ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் துணைப்பொருளாக உருவாகின்றன. இவற்றை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. உடைக்கப்படாமல் தப்பியவை டிஎன்ஏ-வைத் தாக்கும். எல்லோருக்கும் இது நடக்கிறது, ஃபேன்க் குழு சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். மது குடித்தால் அசிட்டால்டிஹைடு கூடும், இந்த நோயில் மதுவைத் தொடவே கூடாது என்பதற்கு ஒரு காரணம் இது.

7. எல்லா செல்லுக்கும் இந்தப் பழுது இருக்கறப்போ ரத்தம் மட்டும் ஏன் முதல்ல அடிபடுது?

மஜ்ஜையின் மூலச்செல்கள் எண்ணிக்கையில் கொஞ்சம், வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்க வேண்டியவை. பழுது சேரச் சேர பி53 என்ற புரதம் விழித்துக்கொண்டு, பி21 வழியாக அவற்றை ஜி1-லேயே முடக்குகிறது அல்லது சாகடிக்கிறது. ஆக, நிற்கும் இடம் ஜி2 மட்டும் அல்ல. வளரும் செல்களில் ஜி2, மூலச்செல்களில் பெரும்பாலும் ஜி1. இந்த இழப்பு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. கையிருப்பு குறைவாகவே பிறக்கும் குழந்தை, பெரும்பாலும் 5 முதல் 10 வயதுக்குள் அதைத் தீர்த்துவிடுகிறது.

8. பிளேட்லெட் குறைஞ்சப்போ டெங்குன்னு சொன்னாங்க, அப்புறம் பி12 ஊசி போட்டாங்க. இவ்வளவு நாள் ஏன் தெரியல?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் தட்டணு குறைந்தால் முதலில் டெங்குவைத்தான் யோசிப்பார்கள், அதில் தப்பில்லை. ஆனால் டெங்குவில் ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணிக்கை மீண்டுவிடும். காய்ச்சல் போய் ஒரு மாதம் ஆகியும் 60,000, 70,000 என்றே நின்றால் அது டெங்கு இல்லை. பப்பாளி இலைச்சாறு கொடுத்துக்கொண்டே காத்திருக்கக் கூடாது.

பி12 விஷயம் இன்னும் நுட்பமானது. இந்த நோயில் சிவப்பணுவின் அளவு, ரிப்போர்ட்டில் எம்சிவி என்ற வரி, 100-ஐத் தாண்டிப் பெரிதாக இருக்கும். பி12 குறைவிலும் அப்படியே. சைவக் குடும்பமாக இருந்தால் ஊசி போட்டுவிடுவது இயல்பு. ஊசிக்குப் பிறகும் எம்சிவி இறங்கவில்லை, கூடவே கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினான எச்பிஎஃப் உயர்ந்திருக்கிறது என்றால் சந்தேகம் வர வேண்டும். கட்டைவிரல் சிறியதா, இரட்டையா, இல்லவே இல்லையா; தோலில் பால்காபி நிறத் திட்டுகள்; வயதுக்குக் குறைந்த உயரம்; ஸ்கேனில் ஒரே சிறுநீரகம். இவற்றைத் தேடுங்கள். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உடம்பில் எந்த அடையாளமும் இருக்காது.

9. குரோமோசோம் பிரேக்கேஜ் டெஸ்ட்டுன்னா என்ன? ரத்தம் எடுக்கறப்போ நாங்க எதைக் கவனிக்கணும்?

இதுதான் அடிப்படைச் சோதனை. ரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களைப் பிஎச்ஏ என்ற தூண்டுபொருளோடு 37 டிகிரியில் மூன்று நான்கு நாள் வளர்ப்பார்கள். ஒரு பாதியில் கட்டுப்போடும் மருந்து கலப்பார்கள்: ஒரு மில்லிக்கு 0.1 மைக்ரோகிராம் டைஎபாக்ஸிபியூட்டேன், அல்லது மைட்டோமைசின் சி. மறுபாதி மருந்தில்லாமல். நோயில்லாத ஒருவரின் ரத்தமும் பக்கத்திலேயே வளரும். கடைசியில் கோல்செமிட் போட்டுப் பிரிவை நிறுத்தி, ஸ்லைடில் விட்டு, எண்ணெய் லென்ஸில் ஒவ்வொரு செல்லாக எண்ணுவார்கள். நோய் இருந்தால் முறிவுகள் மட்டுமல்ல, சம்பந்தமில்லாத இரண்டு குரோமோசோம்கள் தவறாக ஒட்டி நான்கு கைகளோடு நிற்பதும் தெரியும். ரேடியல் என்பார்கள். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

சோதனை கெடுவது பெரும்பாலும் லேபுக்குள் அல்ல, வழியில். பச்சை மூடிக் குழாய், அதாவது ஹெப்பாரின் குழாய், வேண்டும். சிபிசி-க்கு எடுக்கும் ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் செல் சரியாக வளராது. சுமார் 5 மில்லி, எடுத்ததும் ஏழெட்டு முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், கட்டி விழுந்தால் வீண். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, அறை வெப்பமே போதும். மே மாத வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்து வேலூருக்குக் கொண்டுபோனால் போய்ச் சேர்வது வெந்த ரத்தம். தெர்மோகோல் பெட்டி, ஐஸ்பேக், இரண்டுக்கும் நடுவே மடித்த துண்டு, குழாய் ஐஸில் படாமல். 24 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. வெள்ளிக்கிழமை மாலை எடுக்காதீர்கள். ரத்தம் ஏற்றும் திட்டம் இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

10. ஃப்ளோ சைட்டோமெட்ரியில ஜி2 பார்த்தாலே தெரிஞ்சிடுமே, எதுக்கு கஷ்டப்பட்டு எண்ணணும்?

மாணவர்கள் கேட்பது. நியாயமான கேள்வி. டிஎன்ஏ-வில் ஒட்டும் ஒளிர்சாயத்தை (புரோபிடியம் அயோடைடு வழக்கம்) செல்லில் ஏற்றி, ஆயிரக்கணக்கான செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டால் வரைபடத்தில் இரண்டு குன்றுகள் தெரியும். முதல் உயரக் குன்று ஜி1. அதன் இரண்டு மடங்கு தூரத்தில் குட்டிக் குன்று ஜி2-வும் எம்-மும். மைட்டோமைசின் போட்ட ஃபான்கோனி செல்லில் அந்தக் குட்டிக் குன்று முதல் குன்றுக்குப் போட்டியாக எழுந்து நிற்கும். வேகமானது, ஆளின் கண் களைப்பைச் சாராதது.

ஆனால் பொய் சொல்லும் வழிகள் உண்டு. இரண்டு ஜி1 செல்கள் ஒட்டிக்கொண்டு ஓடினால் அதுவும் இரண்டு மடங்கு டிஎன்ஏ-தான், டப்லெட்டை வடிகட்டாவிட்டால் ஜி2 பொய்யாக உயரும். ஆர்என்ஏஸ் நொதி போட மறந்தால் சாயம் ஆர்என்ஏ-விலும் ஒட்டிக் குன்றுகள் அகன்றுவிடும். எஸ் கட்டத்தின் கடைசியில் முட்டி நிற்பவையும் டிஎன்ஏ அளவில் ஜி2 போலவே தெரியும். மருந்தின் அளவு கூடிப்போனால் நோயில்லாதவரின் செல்லும் நின்றுவிடும், ஆகவே பக்கத்தில் வளர்த்த சாதாரண ரத்தத்தின் வரைபடம் இல்லாத ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். ஃப்ளோவை வடிகட்டியாக வைத்துக்கொண்டு, முடிவைப் பிரேக்கேஜிலும் மரபணுச் சோதனையிலும் எடுப்பதே எங்கள் விருப்பம்.

11. டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துடுச்சு. ஆனாலும் தோல்ல இருந்து எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரே?

டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார். சிலருக்கு ஒரு ரத்த மூலச்செல்லில் பழுதான மரபணு தற்செயலாகத் தானே சரியாகிவிடும். அந்தச் செல்லின் வாரிசுகள் ஜி2-வில் தடுக்கப்படாமல் வேகமாகப் பெருகி, லிம்போசைட்டுகளில் பெரும்பங்கு ஆகிவிடும். மொசைக் நிலை என்பது இதுதான். ரத்தத்தில் சோதித்தால் முறிவு குறைவாகவோ இல்லாமலோ வரும். ரிப்போர்ட்டில் ஒரு பகுதி செல்களில் நிறைய முறிவு, மீதியில் ஒன்றுமே இல்லை என்று இருந்தால் இதை நினைக்க வேண்டும்.

தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் இந்த மாற்றம் நடந்திருக்காது. சிறு துண்டு தோல் எடுத்து வளர்த்து, அதில் முறிவும் ஜி2 குன்றும் பார்ப்பார்கள். வளர்வதற்கே சில வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

12. போன வருஷம் ஜி2 அதிகமா இருந்துச்சு, இப்போ குறைஞ்சிருக்கு. கவுன்ட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு. குணமாகுதா?

இரண்டு விதமாக இருக்கலாம், இரண்டும் எதிரெதிர். ஒன்று, 11-ல் சொன்ன இயற்கைத் திருத்தம், அது நல்லது. மற்றது, 5-ல் சொன்ன காவல் தளர்ந்துபோன செல்கள் ஆட்சியைப் பிடித்திருப்பது. பழுது அப்படியே இருக்கும், நிறுத்த ஆள் இல்லை. ரத்தப் புற்றுக்கு முந்தைய நிலையிலும் ரத்தப் புற்றிலும் இதைக் காணலாம். குரோமோசோம் 1-ன் நீண்ட கை கூடுதலாக வந்தால் அதிலுள்ள எம்டிஎம்4 மரபணுவும் கூடி, பி53-ஐ அடக்கிவிடுகிறது. அத்தகைய செல்லுக்கு மற்றவற்றைவிட வேகம்.

எனவே எண்ணிக்கை ஏறினால் சந்தோஷப்படுவதற்கு முன் மஜ்ஜைச் சோதனை. ஆண்டுக்கு ஒருமுறை மஜ்ஜை பார்க்கச் சொல்வதன் காரணமும் இதுவே. குரோமோசோம் 3-ன் நீண்ட கை கூடுவது, 7 காணாமல்போவது இரண்டும் அவசர எச்சரிக்கை. 1-ன் கூடுதல் மட்டும் இருந்தால் நெருக்கமாகக் கண்காணிப்பார்கள். டானசோல் போன்ற ஆண்ட்ரோஜன் மாத்திரை எடுப்பவருக்குக் கவுன்ட் ஏறுவது மாத்திரையாலும் இருக்கலாம். அப்போதும் மஜ்ஜைச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

13. எங்க பெரிய பொண்ணு நல்லா இருக்கா. அவளைத் தாய்மாமனுக்கே கொடுக்கலாம்னு பேச்சு. பிள்ளைக்கு வருமா?

கணக்கைப் பாருங்கள். தம்பிக்கு நோய், அக்காவுக்கு இல்லை என்றால் அக்கா பழுதான பிரதி ஒன்றைச் சுமக்கும் வாய்ப்பு 2/3. அம்மா நிச்சயம் சுமப்பவர், எனவே அவருடைய உடன்பிறந்த மாமாவுக்கு 1/2. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/4. பெருக்கினால் 1/12. அத்தை மகன் என்றால் 1/24. சொந்தமில்லாத ஒருவர், அவர் சமூகத்தில் 200-ல் ஒருவர் சுமப்பதாக வைத்துக்கொண்டால், 1/1200. முடிவு உங்களுடையது, ஆனால் சீர் பேசுவதற்கு முன் இந்த எண்களைப் பேசிவிடுங்கள்.

இந்தக் கணக்கு இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டிய வகைக்கு, பெரும்பாலானவை அப்படித்தான். ஃபேன்க்-பி எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் கணக்கு மாறும். நோயுள்ள பிள்ளையின் மரபணு மாற்றத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டால் அக்காவையும் மாமாவையும் நேராகச் சோதிக்கலாம், கணக்கே வேண்டாம். அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கவும் அந்த விவரம் கையில் இருக்க வேண்டும். மாற்றம் இருப்பது பிஆர்சிஏ2, பால்பி2 போன்றவற்றில் என்றால், சுமக்கும் அம்மாவுக்கே மார்பகப் புற்று அபாயம் கூடுதல், அவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

14. மஜ்ஜை மாற்றுக்கு அண்ணன் பொருந்துறான். உடனே செய்யலாமா?

முதலில் அண்ணனுக்கும் பிரேக்கேஜ் சோதனை. வெளியே நன்றாகத் தெரியும் அண்ணனுக்கும் இதே நோய் ஒளிந்திருக்கலாம் (8-ன் கடைசி வரி). சுமப்பவராக மட்டும் இருந்தால் பெரும்பாலும் கொடையாளர் ஆகலாம்.

அடுத்தது மருந்தளவு. சாதாரண ஏபிளாஸ்டிக் அனீமியாவில் (மஜ்ஜை வேறு காரணத்தால் காலியாகும் நோய்) மாற்றுக்கு முன் சைக்ளோபாஸ்பமைடு மொத்தம் உடல் எடை கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். அதுவும் இழைகளைக் கட்டும் மருந்து. இந்த நோயாளிக்கு அந்த அளவு உயிரையே பறிக்கும், 20 முதல் 40-க்குள் அடக்கி ஃப்ளூடாரபின் சேர்ப்பார்கள். நோயை ஏபிளாஸ்டிக் அனீமியா என்று தவறாக முடிவுகட்டுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். வேலூர் சிஎம்சி-யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது, சென்னையிலும் பல மையங்கள் உண்டு. ‘ஃபான்கோனிக்குத் தனி நெறிமுறை வைத்திருக்கிறீர்களா’ என்று கேட்டே சேருங்கள். குடும்பத்தில் பொருத்தம் இல்லையென்றால் சென்னையில் இயங்கும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளில் தேடுவார்கள். 1988-ல் பாரிஸில் நடந்த உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று இந்த நோயுள்ள ஒரு சிறுவனுக்குத்தான், தங்கையின் ரத்தத்தில்.

15. எக்ஸ்ரே, சிடி கூடாதுங்கறீங்க. ஆனா கதிர்வீச்சு கொடுத்த ரத்தத்தை ஏத்தறீங்களே?

கதிர் படுவது பையில் இருக்கும் ரத்தத்துக்கு, குழந்தைக்கு அல்ல. ரத்தத்தில் கதிரியக்கம் எதுவும் மிஞ்சாது. கொடையாளரின் லிம்போசைட்டுகள் பிரிய முடியாமல் செய்வதற்காக அது. வெள்ளையணு வடிகட்டிய ரத்தமாகவும் இருக்கட்டும். சித்தப்பா, மாமா ரத்தம் கொடுக்க ஓடி வருவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். உறவினர் ரத்தம் ஏறினால் பின்னால் உறவினர் மஜ்ஜையை உடம்பு நிராகரிக்கும் வாய்ப்பு கூடும். எக்ஸ்ரே தேவைப்பட்டால் எடுக்கலாம், சிடி-க்குப் பதில் அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ போதுமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

16. மாற்று முடிஞ்சு மூணு வருஷம். பிரேக்கேஜ் டெஸ்ட்டும் நார்மல். நோய் போயிடுச்சுதானே?

ரத்தத்திலிருந்து போய்விட்டது. இப்போது சோதித்தது கொடையாளரின் லிம்போசைட்டுகளை, நார்மலாகத்தான் வரும். வாய், தொண்டை, உணவுக்குழாய், பிறப்புறுப்பு, தோல் எல்லாம் பழைய செல்களே, 4-ல் சொன்ன பழுது அங்கே அப்படியே இருக்கிறது. இந்த நோயாளிகளுக்குத் தலை, கழுத்துப் பகுதிப் புற்று அபாயம் பொதுமக்களைவிடச் சில நூறு மடங்கு, அதுவும் இளம் வயதிலேயே. மாற்று செய்தவர்களிடம், குறிப்பாகக் கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் நோய் (ஜிவிஎச்டி) வந்தவர்களிடம், இன்னும் கூடுகிறது.

சுமார் 10 வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வாய்ப்புற்று பார்த்துப் பழகிய பல் அல்லது காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்கை வெளியே இழுத்து அதன் ஓரத்தையும் அடியையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள், அந்த இடங்கள்தான் பலமுறை விட்டுப்போகின்றன. 9 வயதிலிருந்து எச்பிவி தடுப்பூசி, பையனுக்கும் சேர்த்து. ஹான்ஸ், பான் மசாலா, சிகரெட், பக்கத்தில் யாராவது புகைப்பது, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எதுவும் கூடாது. வாயில் வெள்ளைத் திட்டோ புண்ணோ மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், சூட்டுப் புண் என்று மணத்தக்காளிக் கீரை சமைத்துக்கொண்டிராமல் அந்த வாரமே திசுச் சோதனைக்குப் போக வேண்டும்.